மத்தளத்துக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை வையுங்கள்: கல்லடி அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு ஒரு திறந்த மடல்

கல்லடி, சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கும், விரிவுரையாளர்களுக்கும், மாணவர்களுக்கும்,

வணக்கம்.

நான் கல்முனையில் அம்ப் (அம்பிளிபையர்), ஸ்பீக்கர், பழைய கசற் டெக் திருத்துகிற ஒரு ஆள். இசை படித்தவன் அல்ல. இசை போய்வரும் கம்பிகளைப் படித்தவன் என்று வேண்டுமானால் சொல்லலாம். உங்களிடம் ஒரு நாளைக் கேட்டு எழுதுகிறேன். பெரும்போக அறுவடை முடிந்து, கச்சான் காற்றுத் தொடங்குவதற்கு முன்னால், மாசியிலோ பங்குனியிலோ ஒரு சனிக்கிழமை. உங்கள் அரங்கும், வளவில் ஒரு மரநிழலும் போதும்.

அன்றைக்கு நடக்க வேண்டியது இவ்வளவுதான். கூத்துப் பழக்குகிற ஓர் அண்ணாவியார் மத்தளத்தைக் கட்டிக்கொண்டு நின்று அடிப்பார். பக்கத்தில் சல்லரித் தாளம், பிற்பாட்டுக்கு இரண்டு மூன்று பேர், ஆட ஒருவர். அதைப் பதிவு செய்வோம். அவர் வியர்வையைத் துடைத்து ஒரு தேத்தண்ணி குடிப்பதற்குள், அதே இடத்தில், அதே ஆட்களுக்கு, பதிவைப் போட்டுக் காட்டுவோம். பிறகு அவரை மறுபடி அடிக்கச் சொல்வோம். வந்த சனம் இரண்டையும் கேட்டுவிட்டு, எது எங்கே பிசகுகிறது என்று வாய் திறந்து சொல்லட்டும். விற்பனை இல்லை, போட்டி இல்லை, பொன்னாடையும் இல்லை. (பொன்னாடை இல்லாமல் மட்டக்களப்பில் ஒரு நிகழ்ச்சி நடக்குமா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு.)

இது எங்கிருந்து வந்த யோசனை என்று சொல்லிவிடுகிறேன். வெளிநாடுகளில் ஹைஃபை கண்காட்சி என்று வருடாவருடம் நடக்கும். மியூனிக்கில் பல வருடங்கள் நடந்த ஹை எண்ட், சிக்காகோவுக்குக் கிட்ட நடக்கும் ஆக்ஸ்போனா எல்லாம் அந்த வகை. பல இடங்களில் ஹோட்டல் அறையிலிருந்து கட்டிலை வெளியே எடுத்துவிட்டு, ஒரு வீட்டின் விலைக்கு இரண்டு ஸ்பீக்கரை நிறுத்தி, பாட்டுப் போட்டுக் காட்டுவார்கள். போடுகிற பாட்டு, அந்த ஸ்பீக்கருக்கு எது பொருந்தும் என்று விற்கிறவரே தேர்ந்தெடுத்தது. மெதுவான ஒரு பெண்குரல், ஒரு கிற்றார், அதற்குமேல் போனால் ஒரு டபுள் பேஸ். அந்தப் பெண் நேரில் எப்படிப் பாடுவார் என்று அறையில் இருக்கிற ஒருவருக்கும் தெரியாது. அதனால் கேட்டவர் "நல்லா இருக்கு" என்று சொல்லலாம். "சரியா இருக்கு" என்று சொல்ல அவரிடம் ஒரு ஆதாரமும் கிடையாது.

ஆனால் அதே கண்காட்சிகளில் சில பேர் வேறு விதமாகச் செய்கிறார்கள். வாசிக்கிறவரை அறைக்கே அழைத்து வந்து, சனத்துக்கு முன்னால் வாசிக்கவிட்டு, ரீல் டேப்பில் ஒன்றும் டிஜிட்டலில் ஒன்றுமாகப் பதிந்து, உடனே ஸ்பீக்கரில் போடுகிறார்கள். அசல் இன்னும் காதில் இருக்கும்போதே நகல் வந்து நிற்கிறது. அதில் ஸ்பீக்கர் தப்புவது கஷ்டம்.

இந்த வித்தைக்கு நூறு வருடத்துக்குமேல் வயது. எடிசன் கம்பனிக்காரர் 1915இலிருந்து ஒரு பத்து வருடமாக அமெரிக்காவில் ஊர் ஊராக இதை நடத்தினார்கள். மேடையில் ஒரு பாடகி, பக்கத்தில் கிராமபோன். பாடகி பாதியில் வாயை மூடுவார், தட்டுத் தொடர்ந்து பாடும். விளக்கை அணைத்துவிட்டு, எப்போது பாடகி மேடையைவிட்டுப் போனார் என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்பார்கள். சனம் ஏமாந்தது என்று பத்திரிகைகள் எழுதின. இன்றைக்கு அந்தத் தட்டுகளைக் கேட்டால் யாருக்கும் ஏமாறத் தோன்றாது. நடந்தது என்னவென்றால், பாடகிகள் தங்கள் குரலைத் தட்டின் குரலுக்கு ஏற்பக் குறைத்துப் பாடினார்கள். அவர்களில் பேர் பெற்ற அன்னா கேஸ் பல வருடங்களுக்குப் பிறகு அதை ஒப்புக்கொண்டார். கருவி மனிதரைப் போலப் பாடவில்லை, மனிதர் கருவியைப் போலப் பாடினார். இந்த ஒரு விஷயத்துக்காகவே, இப்படியான நாளை ஸ்பீக்கர் விற்கிறவர் கையில் கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறேன். உங்களைத் தேடி வருவதும் அதனால்தான்.

பிறகு வந்தவர்கள் கொஞ்சம் நேர்மையாகச் செய்தார்கள். இங்கிலாந்தில் வார்ஃப்டேல் ஸ்பீக்கர் செய்த கில்பேர்ட் பிரிக்ஸ் என்ற யோர்க்ஷயர்க்காரர் 1954இல் லண்டன் றோயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தையே எடுத்து, நேர் வாசிப்பையும் பதிவையும் மாறி மாறிக் கேட்கவைத்தார். சுமார் மூவாயிரம் பேர் கொள்ளுகிற மண்டபம் அது. அம்ப், அவருடைய கூட்டாளி பீட்டர் வோக்கரின் குவாட். அந்தக் காலத்துக் குவாட் அம்ப் ஒன்றின் வலு 15 வாட். இன்றைக்கு நம் ஊர் முச்சக்கரவண்டிக்குள் பூட்டியிருப்பது அதைவிடக் கூட. அடுத்த வருடம் நியூயோர்க் கார்னகி மண்டபத்திலும் போய்ச் செய்து காட்டினார்.

எனக்குப் பிடித்தவர் எட்கர் வில்சர். அக்கூஸ்டிக் றிசேர்ச் என்ற அமெரிக்கக் கம்பனியின் ஆள். ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் என்ற நான்கு பேர் கொண்ட தந்தி வாத்தியக் குழுவை வாசிக்கவைத்து, இடையில் அவர்கள் வில்லைத் தந்தியில் படாமல் அசைக்க, சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வரும்படி செய்தார். மாறுகிற இடத்தைக் கண்டுபிடிக்கத் தேர்ந்த காதுகளே தடுமாறின. அவரும் ஸ்பீக்கர் விற்றவர்தான். ஆனால் பதிவை எதிரொலி இல்லாத சூழலில் எடுத்தார். அதில்தான் அவருடைய கெட்டித்தனம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். இன்றைக்குக் கூத்துப் பதிவு என்றால் பெரும்பாலும் கைபேசிப் பதிவுதான். கூத்தாடுகிற களரியைச் சுற்றி நிற்கிற பத்துப் பேரில் நாலு பேர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். குறை சொல்லவில்லை, அவர்கள் எடுக்காவிட்டால் அதுவும் இல்லை. ஆனால் கைபேசிக்குள் ஒரு வேலை நடக்கிறது, அது எடுக்கிறவருக்குத் தெரியாது. மைக்கின் மட்டத்தை அது தானாகவே கூட்டும், குறைக்கும். பேசுவதற்காகச் செய்த சாமான் அல்லவா. கிட்ட நின்று பேசினாலும் எட்ட நின்று பேசினாலும் ஒரே அளவில் கேட்க வேண்டும் என்பது அதன் கணக்கு. மத்தளத்தில் பலமாக ஓர் அடி விழுந்தவுடன் அது மட்டத்தைக் கீழே இறக்குகிறது. அடியோடு சேர்ந்து பாட்டும் அமுங்குகிறது. அடி ஓய்ந்ததும் மெல்ல மெல்ல ஏற்றுகிறது. அப்போது காற்றும், பிள்ளைகளின் கூச்சலும், ஜெனரேற்றரும் மேலே வருகின்றன. அடுத்த அடியில் மறுபடி எல்லாம் அமுங்கும். ஓர் அரசனின் வரவை இப்படிக் கேட்டுப் பாருங்கள். அரசன் மேலும் கீழுமாக மூச்சுவாங்கிக்கொண்டு வருவார்.

அப்புறம் அது வாட்ஸ்அப்பில் போகும்போது இன்னொரு தடவை நசுங்கும். சல்லரியின் கணீர் என்ற தொனி போய், சளசள என்று ஒன்று மிஞ்சும். எனக்குக் கவலை என்னவென்றால், ஒரு பிள்ளை அந்தப் பதிவைக் கேட்டு மத்தளம் பழகினால், கைபேசி செய்த அமுக்கத்தையும் தாளத்தின் ஒரு பகுதி என்று நினைத்துப் பழகும். அசலைப் பக்கத்தில் வைத்துக் கேட்டிராத பிள்ளைக்கு அதைப் பிரித்தறிய வழியே இல்லை.

கோயில் திருவிழா செற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. சவுண்ட்ஸ் போடுகிற தம்பிமாரில் பாதிப்பேரின் பொக்ஸ் என் மேசைக்கு வந்து போனவை, அதனால் உரிமையோடு சொல்கிறேன். பைலாவுக்கும் சினிமாப் பாட்டுக்கும் அடித்தொனியைத் தூக்கி வைத்திருப்பீர்கள். கூத்துத் தொடங்கும்போதும் அந்தக் குமிழ்கள் அதே இடத்தில் நிற்கும். மத்தளத்துக்கு இரண்டு முகம் இருக்கிறது. இடந்தலையை சப்-வூஃபர் இரண்டு மடங்காக்கும். வலந்தலையின் கூர்மை குரல்களுக்குள் மறைந்துவிடும். அண்ணாவியார் கையால் பேசுகிற பேச்சில் பாதி அங்கேயே போய்விடும். இதில் தம்பிமாரின் தப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மத்தளம் மைக் இல்லாமல் பத்தடியில் எப்படி ஒலிக்கும் என்று அமைதியாக நின்று கேட்க அவர்களுக்கு யார் நேரம் கொடுத்தார்கள்? ஏழு மணிக்குப் போய் வயர் இழுத்து, எட்டு மணிக்கு ஒலிக்க வேண்டும். அதனால் இந்த நாளுக்கு முதல் அழைப்பு அவர்களுக்குப் போக வேண்டும். முன்வரிசையில் பிரமுகர்களுக்குப் பதிலாக அவர்கள் இருக்கட்டும்.

சரி, எப்படிச் செய்வது?

முதலில் ஒரு கேள்வியைத் தீர்க்க வேண்டும். கலைஞரை நம்மிடம் கொண்டுவரப் போகிறோமா, நம்மைக் கலைஞரிடம் கொண்டுபோகப் போகிறோமா? இரண்டும் வேறு வேறு வேலை. மத்தளத்துக்குக் கிட்ட ஒரு மைக்கை வைத்துப் பதிந்து, அண்ணாவியார் நின்ற அதே இடத்தில் ஒரே ஒரு ஸ்பீக்கரை நிறுத்திப் போட்டால், அது அவரை இங்கே கொண்டுவருகிற முயற்சி. சனம் இருக்கிற இடத்தில் இரண்டு மைக்கை வைத்துப் பதிந்து, இரண்டு ஸ்பீக்கரில் போட்டால், அது நம்மை அந்தக் களரிக்குக் கொண்டுபோகிற முயற்சி. 1931இல் அலன் பிளம்லைன் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு எழுதியபோது அவர் மனதில் இருந்தது சினிமாத் திரை, அதாவது முன்னால் இருக்கிற ஒரு காட்சி. நம் வட்டக்களரியோ நாலு பக்கமும் சனம் சூழ இருப்பது. அதற்கு இடம் வலம் என்று எதைச் சொல்வது? என் யோசனை, களரியின் ஓரத்தில் ஒரு பெரியம்மா பாய் போட்டுக்கொண்டு இருப்பாரே, அவருடைய தலை இருக்கும் உயரத்தில் மைக்கை வைப்பது. 17 சென்ரிமீற்றர் இடைவெளி, 110 பாகை விரிவு. பிரெஞ்சு வானொலிக்காரர் கண்டுபிடித்த அளவு அது, கிட்டத்தட்ட நம் இரண்டு காதுக்கும் இடையிலுள்ள தூரம். ஆடுகிறவர் சுற்றி வரும்போது சதங்கை கிட்ட வந்து, எட்டப் போய், மறுபடி கிட்ட வருவது அதில் தெரியும். மேடைக்கு முன்னால் வைத்த மைக்கில் அது தெரியாது.

இரண்டாவது, எதிரொலி. ஒரு மண்டபத்தில் பாடினால் சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தமும் மைக்கில் ஏறும். அதே மண்டபத்தில் அதைத் திருப்பிப் போட்டால், மண்டபம் தன் எதிரொலியை இன்னொரு தடவை சேர்க்கும். அசலுக்கு ஒரு மண்டபம், பதிவுக்கு இரண்டு மண்டபம். கேட்கிறவருக்கு ஏன் என்று தெரியாது, ஆனால் ஸ்பீக்கரில் வருவது தூரத்தில் கலங்கிக் கேட்கும். வில்சர் எதிரொலி இல்லாமல் பதிந்தது இதற்காகத்தான். நமக்கு அதற்கென்று ஆய்வுகூடம் கட்டத் தேவையில்லை. கூத்துக்கு வீடே வெளிதான். வெளியில் பதிந்து, வெளியிலேயே போடுவோம். சுவர் இல்லாத இடத்தில் சுவர் இரண்டு தடவை பேச முடியாது. வயலினையும் தனிக்குரலையும் மட்டும் காலையில் மரத்தடியில் பதிந்து, பிறகு அரங்குக்குள் போடலாம். பாடினவரே அரங்குக்குள் வந்து மறுபடி பாடட்டும். மைக்குக்கு மேலே காற்றுக்கு ஒரு ரோம உறை போட மறக்கக் கூடாது. கல்லடியில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. காற்று நம்மைக் கேட்டுக்கொண்டு வராது.

வெளியில் ஒரு சிக்கல் உண்டு, வலு. சாதாரண வீட்டு ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றரில் சுமாராக 90 டெசிபல் வரும். அதை 110 ஆக்க 100 வாட் வேண்டும். வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். திருப்பிக் கொடுக்க சுவர் இல்லை. மத்தள அடியின் உச்சி ஒரு கண நேரமே இருந்தாலும், அதன் சராசரியைவிடப் பத்து மடங்கு வலுவைச் சாதாரணமாகக் கேட்கும். அழகான சிறிய ஹைஃபை ஸ்பீக்கர்கள் இந்த இடத்தில் மூச்சுவிட முடியாமல் தவிக்கும். சவுண்ட்ஸ்காரரின் பெரிய பொக்ஸ் இதைச் சிரித்துக்கொண்டே தாங்கும், ஆனால் குரலில் கரகரப்பு வைக்கும். ஆகவே இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். எது எதில் தோற்கிறது என்று கேட்பதே அன்றைக்கு எனக்குப் பெரிய விருந்து.

மூன்றாவது, மட்டம். இதில்தான் உலகம் முழுக்க ஏமாற்று நடக்கிறது. ஒரு டெசிபல் கூட்டி வைத்தாலே அது "தெளிவா இருக்கு" என்று தோன்றும். சத்தம் கூடியது என்று தோன்றாது. குறைத்து வைத்தாலோ வேறு வினை. 1933இல் பெல் ஆய்வுகூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது போல, சத்தம் குறையக் குறைய அடித்தொனிதான் காதில் முதலில் தேயும். மத்தளத்தை அது அடிபட்ட மட்டத்தைவிடக் குறைத்துப் போட்டால் இடந்தலை காணாமல் போகும். நாம் ஸ்பீக்கரைத் திட்டுவோம். ஆகவே சனத்தின் நடுவில் ஒரு கதிரையைத் தெரிந்து, அதில் ஒலி அளக்கும் மீற்றரை வைத்து, நேரில் எவ்வளவு வந்ததோ அதே அளவுக்குப் பதிவையும் கொண்டுவர வேண்டும். அந்தக் குமிழைத் தொடுகிறவர் உங்கள் மாணவராக இருக்கட்டும். நான் தொடக் கூடாது, ஸ்பீக்கர் கொண்டுவந்தவரும் தொடக் கூடாது.

பதிகிறபோது, மட்டம் மீறிவிட்டது என்று காட்டும் சிவப்பு விளக்கு ஒரு தடவைகூட எரியக் கூடாது. 24 பிட்டில் பதிந்தால், சராசரி மட்டத்தை உச்சவரம்புக்கு 20 டெசிபல் கீழே வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தானியங்கி மட்டம் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள், மேலே சொன்ன அரசன் கதை அதனால் வருவதுதான். அரங்குக்குள் மின்விசிறியும் ஏசியும் நிற்க வேண்டும், வேர்க்கட்டும். மேடை விளக்குகளை மங்கவைக்கும் டிம்மர் இருக்கிற மின்கம்பியில் அம்பையும் மிக்சரையும் செருகினால், விளக்கு மங்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் ரீங்காரம் போடும்.

திரை ஒன்று கட்ட வேண்டும், கண் காதை ஏமாற்றாமல் இருக்க. ஆனால் மேடைத் திரை வேண்டாம், அந்த வெல்வெற் துணி மேல்தொனியைத் தின்றுவிடும். மெல்லிய வொயில் சேலை போதும். ஒளி மறையும், ஒலி மறையாது. அமெரிக்காவில் ஹரி ஓல்சன் 1947இல் ஒரு வாத்தியக் குழுவையே ஒலி புகும் திரைக்குப் பின்னால் இருத்திச் சோதித்தார். அதற்கு முன்னர் ஸ்பீக்கரில் சோதித்தவர்கள், சனம் மேல்தொனியை வெட்டிக் கேட்பதைத்தான் விரும்புகிறது என்று கண்டிருந்தார்கள். நேர் வாசிப்பில் ஓல்சன் கேட்டபோது, பெரும்பாலோர் முழுத் தொனியையே விரும்பினார்கள். சனத்துக்குப் பிடிக்காதது மேல்தொனி அல்ல, அந்தக் கால ஸ்பீக்கர் அதில் சேர்த்த கீறல்தான். "நம்ம சனத்துக்கு பேஸ் இருந்தாத்தான் பிடிக்கும்" என்று அடித்துச் சொல்கிற சவுண்ட்ஸ் தம்பிமார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

யாரை அழைப்பது என்பது உங்கள் வேலை; எனக்குச் சில ஆசைகள் உண்டு, அவ்வளவுதான். கூத்தில் வடமோடி ஒன்று, தென்மோடி ஒன்று, பறைமேளம் கட்டாயம். அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கமிருந்து றபான் மேளம். மட்டக்களப்புப் பறங்கியர் வயலினோடு பாடுகிற கஃப்ரிஞ்ஞா. அவர்களுடைய போர்த்துக்கீச மொழியையும் பாட்டையும் லிஸ்பனிலிருந்து ஆய்வாளர்கள் வந்து பதிந்துகொண்டு போனார்கள், நாம் அவர்களைப் பக்கத்துத் தெருவில் வைத்துக்கொண்டு பதியவில்லை. அதற்குமேல், அம்பாறைக் கரையோர ஊர்களில் முஸ்லிம் பெண்கள் பாடும் கவி. பக்கவாத்தியம் ஒன்றும் இல்லாத வெறும் குரல். ஸ்பீக்கருக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது, ஏனென்றால் மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று பிறந்த பிள்ளைக்கும் தெரியும். சனத்துக்கு முன்னால் வந்து நிற்க விரும்பாதவர்களை வற்புறுத்த வேண்டாம். திரைக்குப் பின்னால் இருந்து பாடச் சம்மதித்தால், நமக்கும் தேவை அதுதான்.

கண்ணகை அம்மன் சடங்கில் பாடுவதை, உடுக்கோடு வருவதை, இதற்குள் இழுக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். அது குளிர்த்திச் சடங்குக்கு உரியது. பூசை செய்கிற கப்புகனார் சரி என்றாலும், ஸ்பீக்கரைச் சோதிக்க அம்மனை அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உடுக்கின் தொனி வேண்டுமென்றால் உடுக்கை மட்டும் தட்டிக் கேட்கலாம்.

தீர்ப்பு யார் சொல்வது? அண்ணாவியாரையே கேட்டால் போயிற்று என்று தோன்றும். ஆனால் மத்தளம் அடிக்கிறவர் அதை மேலிருந்து, இடுப்புக்கு நேரே கேட்கிறார். பத்தடி முன்னால் அது எப்படி ஒலிக்கிறது என்று அவர் கேட்பதில்லை. பாடுகிறவருக்கு இன்னும் மோசம். தன் குரலின் ஒரு பகுதி அவருக்கு எலும்பு வழியாகக் காதுக்குப் போகிறது. பதிவில் கேட்டால் "இது என் குரலே இல்லை" என்பார், நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவோம். ஆகவே ஒருவர் அடிக்கும்போது இன்னொரு ஊர் அண்ணாவியார் சனத்துக்குள் இருந்து கேட்கட்டும். இரண்டு அண்ணாவிமாரை ஒரே இடத்தில் இருத்தினால் ஸ்பீக்கரைவிட ஒருவர் அடியை மற்றவர் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள் என்று நீங்கள் சொல்லலாம். அதையும் பதிந்து வையுங்கள்.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் கேட்கிறேன்? நிறுவகத்தின் பெயரைப் பாருங்கள். விபுலானந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானம் படித்தவர், படிப்பித்தவர். யாழ் நூலில் சுரங்களின் இடைவெளிகளைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். எழுதியதோடு விடவும் இல்லை. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அந்த நூல் அரங்கேறியபோது, அவர் கணக்கின்படி செய்த யாழ்கள் அங்கே சனத்துக்கு முன்னால் ஒலித்தன. இப்படித்தான் இருந்திருக்கும் என்று சொன்ன மனிதர், செய்து காட்டுங்கள் பார்ப்போம் என்று யாரும் கேட்பதற்கு முன்னால் செய்தே காட்டினார். அடுத்த மாதம் காலமானார். அவர் பெயர் தாங்கிய இடத்தில் இசை படிக்கிற பிள்ளைகள் ஒரு மைக்கையும் ஸ்பீக்கரையும் சந்தேகத்தோடு கேட்கப் பழகினால் அவர் மறுப்பாரா?

பாடும் மீனை இழுக்காமல் மட்டக்களப்பைப் பற்றி ஒரு மடல் எழுத முடியாது போலும், எழுதிவிட்டே போகிறேன். 1950களில் அருட்தந்தை லாங் என்ற இயேசுசபைக் குரு வாவியில் கேட்கும் அந்தச் சத்தத்தைப் பதிந்தார், அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. தோணியில் போய், சவளை, அதாவது துடுப்பை, தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சவளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கரை வைத்துப் போட்டுப் பார்க்க எனக்கு நீண்ட நாள் ஆசை. அது வேறு ஒரு நாளைக்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். பதிவு யாருக்குச் சொந்தம்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் ஆற்றுகை செய்கிறவருக்கு உரிமை கொடுக்கிறது, நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் பாதுகாக்கிறது. ஆனால் நடைமுறையில் அண்ணாவியார் ஆடிவிட்டுப் போவார், அவருடைய கூத்து யாரோ ஒருவரின் யூடியூப் சனலில் விளம்பரத்தோடு ஓடும். அன்றைக்குப் பதிவது எல்லாம் அவர்கள் எழுதிக் கொடுத்த சம்மதத்தோடு பதிய வேண்டும். பதிவின் முழுத் தரப் பிரதி அன்றே பென்டிரைவில் அவர்கள் கையில் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம் என்று சொல்லக் கூடாது. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், போக்குவரத்தும் சாப்பாடும் அதற்கு மேலதிகம். உங்களிடம் காப்பகம் ஒன்றுக்கு இடமிருந்தால், ஒரு பிரதி அங்கே இருக்கட்டும். மைக் எங்கே இருந்தது, எவ்வளவு உயரம், எந்தக் கருவி, எந்தக் குமிழ் எங்கே நின்றது என்ற குறிப்பும் அதோடு இருக்கட்டும். குறிப்பில்லாத பதிவைப் பிறகு யாரும் சரிபார்க்க முடியாது.

கடைக்காரர் யாராவது நல்ல ஸ்பீக்கர் கொண்டுவருகிறேன் என்றால் வரவேற்போம். பெயர்ப்பலகையின்மேல் ஒரு துணியைக் கட்டிவிட்டு வைப்போம். மாலையில் எல்லாம் முடிந்த பிறகு துணியைக் கழற்றலாம். பனர் வேண்டாம்.

என் பக்கமிருந்து: இரண்டு ஸ்பீக்கர், ஒரு அம்ப், ஒரு ரீல் டேப் மெஷின், அது நல்ல மனநிலையில் இருந்தால். மைக் இரண்டும் இரவல் வாங்கித் தருகிறேன். கல்முனையிலிருந்து கல்லடிக்கு ஒரு சின்ன லொறியும், தூக்க உங்கள் மாணவர்கள் நாலு பேரும் தேவை. ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் ஒரு நெல்லு மூடையைவிடக் கூடப் பாரம். அரங்கை முதல் நாள் மாலையில் ஒரு தடவை திறந்துவிட்டால், எந்த மூலையில் அடித்தொனி தேங்குகிறது என்று பார்த்துக்கொள்வேன்.

திகதி ஒன்றை நீங்களே சொல்லுங்கள். முடியாது என்றாலும் அதையும் எழுதிவிடுங்கள், பிறகு நான் காரைதீவுப் பக்கம் போய் யாரிடமாவது கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கல்முனையிலிருந்து அம்ப் திருத்துகிறவன்